போஸ்டரில் ஒரு முகம்

செத்தவனுக்கு ஒரு படம், இருக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு படம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரப்பாக்கத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் அதுதான் வழக்கம். நடுவில் துளசிங்கம் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி 'துயரத்தில் வாடும் நண்பர்கள்' கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வாடினார்கள்.

துளசிங்கத்தைப் போன வாரம்தான் மார்க்கெட்டில் வைத்து வெட்டினார்கள். வெட்டியது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள். கிரிக்கெட்டில் தொடங்கிய வாய்ச்சண்டை, கத்தியில் வந்து முடிந்தது. முடிந்தது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கத்துப் பையன்கள் அப்படிச் சொல்லவில்லை.

கிளியம்மாள் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். காலையில் ரயிலுக்கு வந்தவள் ஸ்டேஷன் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பெற்ற பிள்ளையைத் தெரியாதா? துளசிங்கத்துக்குப் பக்கத்திலேயே, மேல் வரிசையில், அவள் மகன் லோகநாதன். வேலைக்கு மனுப்போட ஸ்டுடியோவில் எடுத்த படம்.

லோகு எந்த அடிதடிக்கும் போனதில்லை. துளசிங்கத்தோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தான், அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டான். திங்கட்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். இதையெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் யார் சொல்வது? அங்கே டீக்கடைச் சுவரில் இதே போஸ்டருக்கு முன்னால் இரண்டு பேர் நின்று, ஒவ்வொரு முகமாக விரல் வைத்து அடையாளம் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பிளாட்பாரத்திலிருந்து தன் கண்ணாலேயே பார்த்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கலரில் அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டியிருந்தார்கள், புத்திசாலிகள்.

கிளியம்மாள் வேலைக்குப் போகவில்லை. போஸ்டரை அப்படியே கிழித்துப்போட அவளுக்குக் கை வரவில்லை. துளசிங்கம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன். செத்த பிள்ளையின் முகத்தைக் கிழிப்பது பாவம் என்று பட்டது. அதனால் தண்ணீரைத் தொட்டு, நகத்தால் சுரண்டி, லோகுவின் முகத்தை மட்டும் எடுத்தாள். ஸ்டேஷனில், பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடையில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில். எங்கே கண்டாலும் விடவில்லை.

பூக்கார ரத்தினபாய் கேட்டாள். "இன்னா கிளி, போஸ்டரண்ட இன்னா பண்ணிகினு கீற?"

"என் புள்ள மூஞ்சில பசை ஒட்டிகினு கீதுக்கா, தொடைக்கிறேன்."

உச்சி வெயிலில் வீடு திரும்பும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வாசலில் நின்ற சைக்கிள்களைப் பார்த்ததும் அந்த நிம்மதி போயிற்று.

உள்ளே லோகு சுவரோடு ஒட்டி நின்றான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் குப்புராஜ், இந்தப் பக்கத்துப் பையன்களுக்குத் தலைவன். அவன் அக்குளில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று இருந்தது. அவனோடு வந்த இரண்டு பேர் கதவோரம் நின்றார்கள்.

"எல்லா போஸ்டர்லயும் உன் மூஞ்சி மட்டும் இல்ல. இன்னாடா அர்த்தம்?" என்றான் குப்புராஜ். "துளசி மார்க்கெட்டுக்கு வர்றத எவன் போட்டுக் குடுத்தான்னு நாங்க மண்டைய ஒடச்சிகினு கீறோம். நீ படத்தக் கிய்ச்சிகினு நழுவுற."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது கிளியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கத்துக் கத்திக்குப் பயந்து, இந்தப் பக்கத்துக் கத்தியை அவளே வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறாள்.

"அவன வுடு குப்பு! நான்தான்டா கிய்ச்சேன்!" விரல்களை அவன் முகத்துக்கு நேராக விரித்தாள். நகக்கண்ணெல்லாம் மைதாப் பசையும் கலர்க் காகிதமும்.

குப்புராஜ் அந்தக் கையைப் பார்த்தான். நம்பினான். காலரை விட்டான். ஆனால் போகவில்லை.

"நீ தாயி, உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஊரு இன்னா சொல்லும்? பசங்க இன்னா சொல்லுவானுங்க?" பொட்டலத்தை லோகுவிடம் நீட்டினான். "இன்னிக்கு சாயங்காலம் கேட்டாண்ட போறோம். நீ நம்ப ஆளுன்னா இத்த எட்த்துகினு வா."

"தொடாத லோகு! திங்கக்கெயம வேலைக்குப் போணும்டா!"

லோகு அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அவமானம் இருந்தது, ஆத்திரம் இருந்தது. "உன்ன எவன் கிழிக்கச் சொன்னான்? மேல் வரிசைல போடச் சொல்லி நான்தாம்மா கேட்டு வாங்குனேன்" என்றான். சொல்லிவிட்டுப் பொட்டலத்தின் பிடியைப் பற்றினான்.

கிளியம்மாள் பாய்ந்து மறுமுனையைப் பிடித்தாள். காகிதம் பிளந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தது கத்தியின் வெறும் இரும்பை.

"வுடும்மா."

"மாட்டேன். இஸ்துகினு போ. என் கைய அறுத்துகினு போ."

அவள் விரலிடுக்கில் ரத்தம் கசிந்து தரையில் சொட்டியது. லோகு ஒரு முறை லேசாக இழுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், பிடியை இன்னும் இறுக்கினாள். இன்னொரு இழுப்பு இழுத்தால் அம்மாவின் விரல்கள் போய்விடும். சாயங்காலம் முகம் தெரியாத ஒருவனை வெட்டக் கிளம்பியவனுக்கு அது முடியவில்லை. பிடியை விட்டுவிட்டான்.

குப்புராஜ் கத்தியைக் கேட்டுக் கை நீட்டினான். அவள் தரவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்க அவனுக்கும் தைரியம் வரவில்லை.

"லோகு, கேட்டுக்கோ" என்றான், கதவருகே திரும்பி. "இனிமே நீ இந்தப் பக்கத்து ஆளும் இல்ல, அந்தப் பக்கத்து ஆளும் இல்ல. எவன் போட்டாலும் ஏன்னு கேக்க நாதி கெடயாது."

சைக்கிள்கள் போன பிறகும் கிளியம்மாளுக்கு விரல்கள் விரியவில்லை. லோகு அவள் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். வாய்விட்டு அழுதான்.

"கைய அப்பறம் கட்டலாம்" என்றாள் அவள். "உன் துணிய எட்த்து வெய். அடுத்த வண்டிக்கே நீ போயிடணும். வேலை கெடச்ச எடத்துலயே படுத்துக்கோ. நான் கூப்புடுற வரைக்கும் இந்த ஊருப் பக்கம் வராத."

"எப்பம்மா கூப்புடுவ?"

கூப்பிடப் போவதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "சீக்கிரம்தான்டா" என்றாள்.