கூரையில் சோப்பு வாசனை

காதுக்காரர் என்பது நிலக்கரிச் சுரங்கத்தில் அவருக்கு வாய்த்த பெயர். கடப்பாரையின் முனையால் தலைக்குமேல் உள்ள பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்ட பின்னரே கூட்டாளிகளை உள்ளே விடுவார். கணீரென்றால் பாறை உறுதி. மொத்தென்றால் விலகிவிட வேண்டும். அப்பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. சுவரையும் கதவையும் விரலால் தட்டியபடியே நடப்பார். "கூரை பேசினா கேக்கும், பொண்டாட்டி பேசினா கேக்காது" என்பாள் மனைவி.

சுரங்கத்தில் மற்ற கரியெல்லாம் வெட்டியெடுத்த பின் எஞ்சியிருந்தவை, கூரையைத் தாங்குவதற்கென்று வெட்டாமல் விடப்பட்ட கரித்தூண்களே. அவற்றையும் எடுத்துவிடுமாறு உத்தரவு வந்திருந்தது. தூணை எடுத்த இடத்தில் கூரை இறங்கிவிடும்; அதற்குள் ஆட்கள் பின்வாங்கிவிட வேண்டும்.

அன்று புதிய பகுதியில் அவர் கடப்பாரையை உயர்த்தியபோது, பாறை வெடிப்பிலிருந்து நீர் சொட்டியது. கூட வேலை செய்த மைத்துனன் அதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தான்.

"சோப்பு வாசனை, மாமா. மேல நம்ம தெருக் குழாயடி. அக்கா உங்க சட்டையத்தான் அலசுது போல."

கூட்டாளிகள் சிரித்தனர். பிறகு ஒருவர்பின் ஒருவராக அண்ணாந்து பார்த்தனர்; சிரிப்பு நின்றது.

வேலை முடிந்ததும் காதுக்காரர் மேற்பார்வையாளரிடம் சென்று, தெருவைக் காலி செய்த பிறகு தூண்களை எடுக்கலாமே என்று கேட்டார்.

"வீடும் கம்பெனியோடது, கரியும் கம்பெனியோடது. இதுல உனக்கு என்னய்யா போகுது?" என்றார் மேற்பார்வையாளர், தேநீரை ஆற்றியபடி. மறுத்தால் அடுத்த ஷிப்டு ஆட்கள் எடுப்பார்கள் என்றும், வேலையை விட்டவனுக்கு வீடு கிடையாது என்றும் கடுமையின்றியே எடுத்துரைத்தார். அடுத்த ஷிப்டினர் தட்டிப் பார்ப்பவர்கள் அல்லர். வெடி வைத்துவிட்டு ஓடுபவர்கள்.

வீட்டுக்கு வந்தவர், குழந்தை உறங்கிக்கொண்டிருந்த தொட்டிலுக்கு அருகே சுவரைத் தட்டினார். ஓசை உறுதியாகவே வந்தது. மறுபடியும் தட்டினார். பின்னர் மனைவியிடம் எல்லாவற்றையும் கூறினார்.

"மாட்டேன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம். வேற ஆளு எடுத்தா, எப்ப விழும்னு நமக்குத் தெரியாது."

அவள் தொட்டிற்கயிற்றின் முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"எடுக்கிற அன்னைக்குக் காலையிலேயே சொல்லிடறேன். தெருவுல எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயிடு" என்றார் அவர். "நம்ம வீட்டுக்குக் கீழ இருக்கிற தூண நானே எடுக்கிறேன்."