காடு கேட்கும்

இந்தக் காட்டை வெட்டவிடாமல் முதன்முதலில் காத்த மனிதர் சொன்னது நுழைவாயில் கல்லில் இருந்தது: "சும்மா நில். காடு கேட்கும்."

தையல்காரியின் கணவர், பேருந்து ஓட்டுநர், ஞாயிறுதோறும் இங்கே நின்றுவிட்டு, முகம் தெளிந்து வீடு திரும்புவார். அவர் இறந்த பிறகு, அந்தத் தெளிவு தனக்கும் கிடைக்காதா என்றுதான் அவள் கொழுந்தனோடு வந்திருந்தாள். ஆனால் கல்லில் இருந்த ‘கேட்கும்’ என்ற கடைசிச் சொல் ஊசிக்காதில் நுழையாத நூலாக அவளை அலைக்கழித்தது.

"நாம சொல்றத காடு கேக்குமா, இல்ல நம்மளக் கேள்வி கேக்குமா?"

"அண்ணி, எங்கண்ணன் வீட்லயே வாயத் திறக்க மாட்டான். இங்க வந்தா பேசியிருப்பான்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியானால் காடுதான் அவரைக் கேட்டதோ? என்ன கேட்டிருக்கும்? அவர் என்ன பதில் வைத்திருந்தார்? ஒன்றும் பிடிபடவில்லை.

கண்ணை மூடி நின்றாள். இலைகள் சலசலத்தன. எங்கோ ஒரு காய் டொக்கென்று விழுந்தது.

"ஏதாவது கேட்டுச்சா அண்ணி?"

"கேட்டுச்சு."

காதில் விழுந்ததைச் சொன்னாளா, வேறெதையாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ வேணா போய் வண்டியில உக்காரு. நான் இன்னும் கொஞ்சம் நிக்கிறேன்" என்றாள்.