கஸ்பாரின் கடைசி வண்டி

“நான் போற அன்னைக்குப் பாரு, அம்பது வெளிநாட்டுக்காரங்க பாட்டுப் பாடி, கை தட்டிக்கிட்டு என் பின்னாடி வருவாங்க. பாண்டு வாத்தியமும் உண்டு!” என்றார் கஸ்பார், கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு.

“ஆடாம இரு அண்ணே. கத்தி கழுத்துல இருக்கு,” என்றாள் சொலாஞ்.

எழுபத்தொன்பது வயது அண்ணனுக்கு எழுபத்தாறு வயதுத் தங்கை சவரம் செய்துகொண்டிருந்தாள். இதயம் களைத்துவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிப் போய் ஒரு வாரமாகிறது. ஜன்னலுக்கு வெளியே பிரெஞ்சுப் பர்கண்டிச் சரிவெங்கும் ஆட்கள் குனிந்து ஒயினுக்கான திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கஸ்பார் வாயைத் திறந்தால் இப்படித்தான். அவர் ஒயின் தொட்டியில் சாறு குடித்த காட்டுப்பன்றி மறுநாள் தலைவலியோடு வந்து மன்னிப்புக் கேட்டதாம். மழை பொய்த்த வருடம் அவர் போட்ட ஒரு தும்மலில் மேகம் உடைந்து கொட்டியதாம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த சொலாஞ் மட்டும் “பொய்” என்று ஒரே சொல்லில் ஆணி அடிப்பாள். அறுபது வருடமாக அடிக்கிற ஆணி.

“அம்பது பேரா? பறிப்பு நேரத்துல உன் பின்னாடி ஒரு நாய்கூட வராது,” என்றாள் இன்றும்.

கஸ்பார் குலுங்கிச் சிரித்தார். அவர் திராட்சைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த ரெமி இந்த வருடத்துச் சாற்றைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டிருந்தான். ஒரு ஸ்பூன் ஊட்டினாள். நாக்கில் உருட்டி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார்.

“முப்பது வருஷம் நிக்கும் இந்த ஒயின்.”

“நீ நிக்க மாட்டியே.”

“அதான் இப்பவே குடிக்கிறேன்.”

வெந்நீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் நுரையோடும் கஸ்பார் போய்ச் சேர்ந்திருந்தார். சொலாஞ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தியை வெந்நீரில் நனைத்து, மறு கன்னத்தையும் முடித்தாள்.

பதினாலு ஊருக்கு ஒரே பாதிரியார். சவ அடக்கத்துக்கு அவருக்குச் சனிக்கிழமை பதினொரு மணிதான் ஒழிந்தது. அன்றுதான் ஊரில் அறுவடைத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை மழை என்றும் வானொலி சொல்லிவிட்டது. அதற்குள் மிச்சமிருந்த பழத்தைப் பறிக்க, திருவிழாவைச் சுற்றுலாக்காரர்களிடம் விட்டுவிட்டு ஊரே சரிவில் ஏறிவிடும். அடக்கத்துக்கு ஆள் அழைக்கச் சொலாஞ் வீடு வீடாகப் போனாள்.

“பழம் காத்திருக்காதே மேடம்,” என்றாள் ரொட்டிக் கடைக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உங்க அண்ணன் இருந்தா அவரே எங்களைத் திட்டி மேல அனுப்பியிருப்பார்.”

அது உண்மைதான். ஆனால் நாய்கூட வராது என்று அண்ணனிடம் சொன்னவள் சொலாஞ்தானே. அதைப் பலிக்க விடக்கூடாது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை திருவிழாவுக்காகத் தெருவை மறித்துப் பீப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். சவ வண்டி கீழேயே நின்றுவிட்டது.

“மேலதான் நம்ம டிராக்டர் இருக்குக்கா,” என்றான் ரெமி.

டிராக்டர் இழுக்கிற பழ வண்டியைக் கழுவிச் சவப்பெட்டியை வைத்தார்கள். பூக்கடையில் இருந்ததையெல்லாம் திருவிழா வாரிக்கொண்டு போயிருந்தது. ரெமி திராட்சைக் கொடிகளை வெட்டி வந்து பெட்டியை மூடினான். சொலாஞ் தன் தோட்டத்து டேலியாப் பூக்களை மேலே குத்தி வைத்தாள். பின்னால் நடந்தவர்கள் சொலாஞ், பக்கத்து வீட்டு விதவைகள் இருவர், ரெமியின் நாய். நாயாவது வந்துவிட்டது.

அந்த ஊரில் பறிப்பின் கடைசி வண்டியை இப்படித்தான் கொடியும் டேலியாவுமாக அலங்கரிப்பார்கள். ஹாரன் கேட்டவர்கள் எல்லோரும் ஓடி வந்து பின்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். முப்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன் ரெமி. ஒயின் நிலவறைத் திருப்பம் வந்ததும் அவன் கை தானாகப் போய் மூன்று முறை நீளமாக ஹாரனை அமுக்கிவிட்டது.

“ஐயோ, பழக்கதோஷம்க்கா!”

அதற்குள் நிலவறைக் கதவு திறந்தது. பஸ்ஸில் சுற்றுலா வந்த பெல்ஜியத்து ஓய்வுபெற்ற தபால்காரர்கள், காலை ஒன்பதிலிருந்து ஒயின் ருசி பார்த்த சிவந்த முகங்களும் மஞ்சள் தொப்பிகளுமாகக் கொட்டினார்கள். மதியக் கச்சேரிக்கு வந்திருந்த பாண்டுக் கோஷ்டியும் பின்னாலேயே வந்தது. இரண்டு கையையும் தூக்கி, பல்பு மாட்டுவதுபோல மணிக்கட்டைத் திருப்பி, “லா லா லா” பாடி, ஒன்பது முறை தட்டுவது பர்கண்டிக்காரர்களின் குதூகலப் பாட்டு. வழிகாட்டிப் பெண் அன்று காலைதான் அதையும் ஹாரன் வழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருந்தாள். ட்ரம்பெட் பிளிறியது. தெரு அதிர்ந்தது. சவப்பெட்டிக்குள் இருந்தவர் புரண்டு படுத்திருப்பார்.

வழிகாட்டிப் பெண்ணின் கண்ணில் இலைகளுக்கிடையே பெட்டியின் பித்தளைக் கைப்பிடி பட்டது. முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

“மேடம்... மன்னிச்சிடுங்க. அவங்களுக்குத் தெரியாது. இப்பவே நிறுத்திடறேன்.”

“விஷயத்தைச் சொல்லும்மா. நிறுத்தச் சொல்லாதே.”

சொன்னாள். வாத்தியம் பாதியில் நின்றது. மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையை விட்டு இறங்கின. டிராக்டர் மட்டும் தடதடத்தது. பீப்பாய் அளவு இருந்த ஒருவர் முன்னால் வந்தார்.

“அவருக்குப் பாட்டு பிடிக்குமா மேடம்?”

“அவரே கேட்டுக்கிட்டதுதான்.”

“அப்ப நாங்க வர்றோம். தபால்காரங்கம்மா நாங்க. பாதி வழியில போட்டுட்டுப் போக மாட்டோம்.”

முதலில் மெதுவாகத்தான் பாடினார்கள். கோயில் வாசல் வருவதற்குள் புறாக்கள் அடுத்த ஊருக்குப் பறந்துவிட்டன. சொலாஞ்சின் கைகள் எப்போது மேலே போயின என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் நிஜமான கடைசி வண்டி இறங்கியது. பறிப்பு முடிந்த விருந்துக்கு ஊரே ரெமியின் கொட்டகையில் நீள மேசைகளில் உட்கார்ந்தது. ரெமி நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வெடித்தது.

“டேய் ரெமி! கஸ்பாரோட வாய் உனக்கு ஒட்டிக்கிச்சுடா!”

“பாண்டு வாத்தியமுமா? பன்னி வரலையா?”

“சத்தியமா! சொலாஞ் அக்காவையே கேளுங்க!”

கொட்டகை முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. சொலாஞ் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தாள்.

“பொய்,” என்றாள்.

மேசைகள் அதிர்ந்தன. ரெமியின் முகம் விழுந்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“அண்ணன் அம்பது பேர்னாரே, அது பொய். அம்பத்திமூணு பேர். நான் எண்ணினேன். பாண்டுக்காரங்க தனி.”

பக்கத்தில் கஸ்பாருக்காகக் காலியாக விட்டிருந்த நாற்காலியின் முதுகில், தபால்காரர் ஒருவர் கொடுத்துப்போன மஞ்சள் தொப்பி கோணலாக மாட்டியிருந்தது. அதை நேராக்கிவிட்டு, சொலாஞ் ரொட்டியைப் பிட்டாள்.