மூன்றணு வளையம்

"இந்த மூணு அணு வளையம் உண்டாகவே உண்டாகாதும்மா. வேற வேலையப் பாரு," என்றார் பேராசிரியர்.

"உண்டாகுது சார். சூட்டுல உடனே உடைஞ்சிடுது, அதான் நம்ம கண்ணுல படல," என்றாள் ஆய்வு மாணவி.

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கொண்டுவந்து காட்டுறேன் சார்."

குடுவையை உறைகுளிரில் இறக்கி, காற்றுப் புகாமல் மூடி, வினைபொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குளிர் குறையாமலே கரைசலை நிறமாலைக் கருவியில் வைத்தாள். வளையத்துக்கே உரிய கோடு திரையில் எழுந்தது.

"ஏதாவது அழுக்கா இருக்கும்," என்றார் அவர்.

"அழுக்குன்னா சூட்டுக்கு அசையாது. பாருங்க." அவள் வெப்பத்தைக் கூட்டினாள். கோடு தேய்ந்து மறைந்தது.

"உடைஞ்சு போச்சே!"

"இருந்ததாலதானே சார் உடைஞ்சுது?"

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இன்னொரு தடவை செய், பார்க்கலாம்."