கிழிசலக்காவின் பிறந்த வீடு

புதுத் துணியைப் பழசாக்குவதில் அந்த ஸ்டூடியோவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மடிப்புக் கலையாமல் கடையிலிருந்து வந்த சட்டையை அவளிடம் கொடுத்தால், மறுநாள் மத்தியானத்துக்குள் அது பத்து வருஷம் வெயிலில் மூட்டை தூக்கிய சட்டையாகத் திரும்பி வரும். காலருக்கு உப்புத்தாள், முழங்கைக்குச் சமையலறைத் துருவி, மொத்தத்துக்கும் ஒரு வாளி டீத்தண்ணீர். தையல் பிரிவுக்குத் தலைவியாகி ஆறு வருஷம் ஆகியும் அவளை யாரும் தலைவி என்று கூப்பிட்டதில்லை. லைட்மேன் முதல் தயாரிப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் கிழிசலக்காதான். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டால் அப்புறம் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

யூனிட் முழுக்கத் தெரிந்த இன்னொரு விஷயம் அவளுடைய பிறந்த வீடு. ரயிலில் எட்டு மணி நேரத் தூரம். அங்கே முழங்கால் வலிக்கார அம்மா இருந்தாள். ரிடையர் ஆன பிறகும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, அடுத்தவர்களையும் தூங்கவிடாத அப்பா இருந்தார். இரண்டு அண்ணன்கள். எல்லாருக்கும் மேலாக, மூத்த அண்ணனின் மனைவி. விருந்தாளிகள் கிளம்பியதும் ஸ்பூனை எண்ணிப் பார்க்கிற அண்ணி. பக்கத்து வீட்டில் என்ன நிறத்தில் கர்ட்டன் மாட்டினாலும் ஒரு வாரத்தில் அதே நிறத்தில் தானும் மாட்டி, அவர்கள்தான் தன்னைப் பார்த்து வாங்கினார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிடுகிற அண்ணி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணியின் புதுச் செய்தி என்ன என்று கேட்க நாலு பேராவது டிபன் டப்பாவோடு வந்து உட்காருவார்கள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு குறை. அப்படி ஒரு வீடே கிடையாது.

கிழிசலக்கா வளர்ந்தது பெற்றோர் இல்லாத பெண்களுக்கான ஓர் இல்லத்தில். மூன்று வயதில் உள்ளே போனவள், பத்தொன்பதில் தையல் சான்றிதழோடு வெளியே வந்தாள். முதலில் சேர்ந்த ஆடைத் தொழிற்சாலையில், அம்மா அப்பா எங்கே என்று கேட்டவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கேட்டவர்களின் தலை உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது, குரல் குழைந்தது. ஒரு மாதம் வரை எல்லார் வீட்டு மிச்சக் கேக்கும் அவள் மேஜைக்கு வந்தது. பிறகு யாருடைய கைக்கடிகாரமோ காணாமல் போனபோது எல்லார் கண்ணும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வந்தது. கடிகாரம் கழிப்பறை ஜன்னலில் கிடைத்தது. ஆனாலும் அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள்.

அடுத்து ஸ்டூடியோவில் சேர்ந்த அன்று அதே கேள்வி வந்தது. “ஊர்ல இருக்காங்க” என்றாள். இரண்டே வார்த்தை. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் தானாகவே வளர ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை கணவனோடு மலைக்குப் போக மூன்று நாள் லீவு தேவைப்பட்டபோது ஒரு சித்தப்பாவைக் கொல்ல வேண்டிவந்தது. திரும்பி வந்தபோது மொத்த யூனிட்டும் வேலையை நிறுத்திவிட்டு வந்து துக்கம் விசாரித்ததில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன். ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். ஆரம்பத்தில் அவன் இதெல்லாம் வேண்டாம் என்றுதான் சொன்னான். பிறகு அவளைவிட மும்முரமாக இறங்கிவிட்டான். சின்ன மச்சானோடு தனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று அறிவித்தது அவன்தான். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நின்றானாம். ஸ்டூடியோ ஆட்கள் யாராவது சமாதானமாகப் போகச் சொன்னால், “அவன் முதல்ல வரட்டும்” என்பான் முகத்தை இறுக்கிக்கொண்டு.

அந்தக் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவள் மேக்கப் பிரிவுத் தலைவி பவுடரக்கா. கிழிசலக்காவைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் இந்த ஸ்டூடியோவுக்கு வந்த நாளிலிருந்து, பதினைந்து வருஷமாக இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறார்கள். அம்மாவின் முழங்காலை விசாரிக்காமல் அவள் டப்பாவைத் திறக்க மாட்டாள். ஒரு குளிர்காலத்தில் கம்பளி நூல் வாங்கி, இரண்டு முழங்காலுக்கும் உறை பின்னிக் கொடுத்து, தபாலில் அனுப்பச் சொன்னாள். வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்ததில் கிழிசலக்காவுக்கே முழங்கால் வலி உண்டு. உறை வெகுதூரம் போகவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ரீமேக் வந்தது.

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். ஓர் அநாதைச் சிறுமி ஏழு பாட்டுப் பாடி, விறைப்பான ஒரு பணக்காரரை அழவைத்து, கடைசியில் அவர் வீட்டுக்கே மகளாகிவிடுவாள். குடும்பத்தோடு பார்த்து, குடும்பத்தோடு மூக்கைச் சிந்திய படம். புது டைரக்டர் முப்பதைத் தாண்டாத பையன். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல்தான் வைத்திருப்பான். ரீமேக் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, மறுபார்வை என்று சொல்ல வேண்டும். இவன் படத்தில் பணக்காரர் செல்போன் செயலி உருவாக்கிப் பணக்காரர் ஆனவர். முதல் கூட்டத்தில், எல்லாமே ரியலாக இருக்க வேண்டும் என்று அவன் பதினோரு தடவை சொன்னதாகப் பவுடரக்கா எண்ணிச் சொன்னாள்.

அநாதையாக நடிக்க வந்த எட்டு வயதுப் பாப்பா கெட்டிக்காரி. அம்மா, அப்பா, இரண்டு சித்தி, ஒரு மாமா, தண்ணீர் பாட்டில் தூக்க ஓர் அத்தை என்று ஆறு பேரோடு வந்து இறங்கினாள். செட்டில் இருந்த நாற்காலிகளில் எல்லாம் அநாதையின் சொந்தக்காரர்களே உட்கார்ந்திருந்ததால் டைரக்டர் நின்றுகொண்டே படம் எடுத்தான்.

தையல் பிரிவுக்கு வந்த ஆர்டர், பாப்பாவுக்கு மாற்றி மாற்றிப் போட ஒன்பது கவுன்கள். ஒன்பதும் ஒரே இடத்தில் கிழிந்து, ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டு, ஒரே மாதிரி அழுக்காக இருக்க வேண்டும். கூடவே படமும் வரைந்து அனுப்பியிருந்தார்கள். தோள் தொங்க, ஓரம் நூலாகப் பிரிய, கவுனைவிட ஒட்டு பெரிதாக. கிழிசலக்கா முதல் கவுனை மேஜையில் விரித்து, துருவியைக் கையில் எடுத்தாள். கைதிக்குக் கிழித்திருக்கிறாள், பிச்சைக்காரனுக்குக் கிழித்திருக்கிறாள், கப்பல் மூழ்கி நீந்தி வந்தவனுக்குக் கூடக் கிழித்திருக்கிறாள். இதைக் கிழிக்கக் கை போகவில்லை. டீத்தண்ணீர் வாளியிலேயே ஆறிப்போயிற்று.

கடைசியில் துருவியை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறு துணி எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அவள் தைத்து முடித்த கவுன் துவைத்துத் துவைத்து வெளுத்தது போல இருந்தது. ஆனால் பளிச்சென்று சுத்தம். பாப்பாவின் அளவைவிட இரண்டு அளவு பெரிது. வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட வசதியாகக் கீழே மூன்று மடிப்பு. கஞ்சி போட்டு, நிற்க வைத்தால் தானே நிற்கும்படி இஸ்திரி. இரண்டு பாக்கெட்டின் வாயும் நூல் போட்டுத் தைத்து மூடியிருந்தது.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய் மேக்கப் அறையில் டைரக்டரிடம் காட்டினாள். பாப்பாவும் ஆறு சொந்தங்களும் பவுடரக்காவும் அங்கே இருந்தார்கள்.

“என்னக்கா, ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு?” என்றான் அவன்.

“ஹோம்ல துணி கிழிஞ்சிருக்காது சார். பாக்க வர்றவங்க முன்னாடி கிழிசலோட நிறுத்தினா நடத்தறவங்களுக்குத்தானே அவமானம்? சுத்தமாத்தான் இருக்கும். ஆனா எதுவும் அளவா இருக்காது.”

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். எங்கேயோ படித்ததாகச் சொன்னாள். தானும் நாலு புத்தகம் படித்திருப்பதாகவும், இரண்டு நாள் ஓர் இல்லத்துக்கே போய் உட்கார்ந்திருந்ததாகவும் சொல்லிவிட்டு, மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தணித்துக்கொண்டான். “நீங்க பெரிய குடும்பத்துல செல்லமா வளர்ந்தவங்க அக்கா. அநாதையோட வலி உங்களுக்குப் புரியறது கஷ்டம்.”

பவுடரக்கா தன் தோழிக்குப் பரிந்துகொண்டு வந்தாள். செல்லமாவது ஒன்றாவது, அந்த அண்ணியிடம் இவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும் என்றாள்.

“எனக்கு அண்ணி கிடையாதுக்கா” என்றாள் கிழிசலக்கா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கவுனை மேஜையில் வைத்து, சுருக்கம் இல்லாத இடத்தைத் தடவிச் சரி செய்தாள்.

“அண்ணனும் கிடையாது, அம்மாவும் கிடையாது. நான் ஹோம்லதான் வளர்ந்தேன். இந்தக் கவுனை நான் பதினாறு வருஷம் போட்டிருக்கேன், சார்.”

டைரக்டரின் தலை மெல்ல இடது பக்கம் சாயத் தொடங்கியது. இரண்டு சித்திகளின் தலையும் கூடவே சாய்ந்தன. முப்பது வருஷமாக எதைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு குடும்பத்தையே கட்டிக் காப்பாற்றினாளோ அது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. போய்விடலாமா என்று நினைத்தாள்.

அப்போது பாப்பா மேக்கப் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கவுனைத் தூக்கிப் பார்த்தாள். பாக்கெட்டை ஏன் மூடித் தைத்திருக்கிறது என்று கேட்டாள்.

“கையை உள்ள விட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு.”

“அப்ப மிட்டாய் எங்க வெச்சுப்பீங்க?”

“சாக்ஸ்ல.”

“கால் பிசுபிசுன்னு ஆகாதா?”

“ஆகும். அப்புறம் சாக்ஸைத்தான் சப்பணும்.”

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். டைரக்டரின் தலை நேராயிற்று. கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, நோட்டை எடுத்து, சாக்ஸ் என்று எழுதிக்கொண்டான். வேறு என்ன, வேறு என்ன என்று பறந்தான். அவள் சொல்லச் சொல்ல நாலு பக்கம் எழுதினான். கிழிந்த கவுன் ஆர்டரை அங்கேயே ரத்து செய்தான். நாலு பக்கமும் முடிந்து அவள் திரும்பிப் பார்த்தபோது பவுடரக்கா அறையில் இல்லை.

அன்று பவுடரக்கா சாப்பாட்டு பெஞ்சுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்றவர்கள் வந்து போனார்கள். யாரும் கேக் கொண்டுவந்து வைக்கவில்லை; சித்தப்பாவுக்காக மலர்வளையம் வாங்கிய லைட்மேன் மட்டும் அந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தான். வீட்டில் கணவன் செய்தியைக் கேட்டான். நல்லதுதான் என்றான். பிறகு, சின்ன மச்சானைப் பற்றி இனிமேல் யாரும் கேட்கவே மாட்டார்கள் இல்லையா என்றான்.

நாலாம் நாள் கிழிசலக்கா தானாகவே மேக்கப் அறைக்குப் போனாள். பவுடரக்கா பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“நான் பின்னின உறை யார் கால்ல இருக்கு?”

“என் கால்லதான்.”

“சித்தப்பா?”

“பொய்தான்.”

“அவருக்காக நான் அழுதேன்டி.”

“நானும் அழுதேன்.”

பவுடரக்கா குழாயை நிறுத்தினாள். பொய் சொன்னதற்குக் கோபம் இல்லை என்றாள். இந்தத் தொழிலில் வயதைச் சரியாகச் சொல்பவர்களே கிடையாது. “என் புருஷன் விட்டுட்டுப் போனதை உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். என் பொண்ணு என்னோட பேசறதில்லைங்கறது உனக்கு மட்டும்தான் தெரியும். பதினஞ்சு வருஷத்துல நீ நிஜமா ஒண்ணு கூட எனக்குத் தரலையே.”

கிழிசலக்கா ஈரப் பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து அடுக்கினாள். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, தான் தையல் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல என்றாள். படுக்கிற ஹாலில் நாற்பது பேர். சாப்பிடுகிற இடத்தில் எண்பது பேர். குளிக்கும்போது கூட வெளியே வரிசை. அநாதை என்றால் தனியாக இருப்பாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்; அவளுக்குத் தனியாக இருக்க இடமே கிடைத்ததில்லை. “தையல் ரூமுக்கு மட்டும்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சு. அதுக்காகத்தான் சேர்ந்தேன். தாழ்ப்பாளைப் போட்டுட்டு, மெஷினைச் சும்மா ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். இதை என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை.”

பவுடரக்கா காலால் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். அன்று அங்கேயே சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் பவுடரக்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அம்மா போனதைக்கூடத் தாங்கிக்குவேன். அண்ணி போனதுதான் மனசு கேக்க மாட்டேங்குது. அந்தக் கர்ட்டன் சண்டை என்ன ஆச்சுன்னாவது சொல்லிட்டுப் போ.”

கிழிசலக்கா சொன்னாள். சாப்பாட்டு நேரம் முடிந்து கால் மணி நேரம் ஆகியும் இருவரும் வராததால் ஹீரோ ஒரு பக்கம் மட்டும் மேக்கப்போடு காத்திருந்தார்.

அடுத்த வாரம், இல்லத்துக்குப் பார்வையாளர்கள் வருகிற நாளில் சிறுமிகள் பாடும் பாட்டைப் படமாக்கினார்கள். பழைய படத்தில் அந்தப் பாட்டுக்குச் சிறுமிகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். இங்கே பன்னிரண்டு பெண்களும் கஞ்சிக் கவுனில் வரிசையாக நின்றார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. கழுத்து வேறு அரித்தது. டான்ஸ் மாஸ்டர் கவுனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுத் தோற்றார். வேறு வழியில்லாமல் டைரக்டர் ஆட்டத்தையே எடுத்துவிட்டு, நின்றபடி பாடச் சொன்னான். பாப்பா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூடிய பாக்கெட்டை இரண்டு தடவை தடவிவிட்டு, கவுனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. கிழிசலக்கா மானிட்டர் பக்கத்திலிருந்து நகர்ந்து, தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் திரும்பி வர நேரமானது. பவுடரக்கா யாரையும் தேடிப் போக விடவில்லை.

படம் வெளிவந்து ஓகோ என்றும் ஓடவில்லை, ஊத்திக்கொள்ளவும் இல்லை. குழந்தைகள் பாட்டை முணுமுணுத்தார்கள். பெரியவர்கள், பழைய படம் போல வராது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை போனார்கள். மூன்றாம் நாள் டைரக்டரிடமிருந்து போன் வந்தது. ஒரு பத்திரிகை விமரிசனத்தைப் படித்துக் காட்டினான்: ‘அநாதைச் சிறுமிகளின் உடை நம்பும்படியாக இல்லை. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகவா இருப்பார்கள்? உடைப் பிரிவினர் இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி செய்திருக்கலாம்.’ இதற்குப் பதில் எழுதாமல் விடப்போவதில்லை என்றான் அவன்.

கிழிசலக்காவின் வாயில் அப்போது ஏழு குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தி வைத்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். மெஷின்களை நிறுத்திவிட்டுத் தையல்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து வந்த பவுடரக்கா விஷயத்தைத் தெரிந்துகொண்டு போனைப் பிடுங்கி, பதிலெல்லாம் எழுத வேண்டாம், அந்த விமரிசகரின் முகவரியை மட்டும் வாங்கிக் கொடு, நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.