ஏழாவது பாரம்

மகள் இறந்துபோன அப்பாவின் விரல்களை மெல்லப் பிரித்து, புத்தகம் வைக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எதை வைக்கலாம்? கடைசியா வந்ததுதானே?"

மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "அது வேண்டாம்டி."

"ஏன்? எழுதி எழுதியே தேஞ்ச மனுஷன். வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

இதற்குமேல் மறுத்தால் கேள்வி வரும். அவள் எழுந்தாள்.

ஏழு நாவல்கள் எழுதினார் அவர். ஒன்றைக்கூட எந்தப் பதிப்பகமும் தொடவில்லை. வீடு வீடாக மின்கணக்கு எடுத்துவிட்டு வந்து, திருப்பி அனுப்பப்பட்ட தாள்களின் முதுகிலேயே அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார். சொந்தக் காசில் அச்சடித்த தாள்கள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கும். மடிப்பதும் அடுக்குவதும் தைப்பதும் அவள் வேலை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், பன்னிரண்டு பாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். மொத்தம் இருநூறு பிரதி.

கடைசி நாவலுக்குத் தாள் வந்த வாரம் நல்ல மழை. சன்னல் ஒழுகுகிறதே என்று ஏழாவது பாரத்தை மட்டும் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தள்ளியவள் மறந்தும் போனாள். ஆறாவது பாரத்துக்கு அடுத்து எட்டாவது. இருநூறு பிரதியையும் அப்படியே தைத்து ஒட்டிவிட்டாள்.

"படிச்சியா?" என்று கேட்டார் அவர்.

"படிக்காமயா தைச்சேன்? நல்லா இருக்கு."

"கண்ணு வழியாப் போச்சா, கை வழியாவே போயிடுச்சா?"

"போங்க, உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்."

அச்சான புத்தகத்தை அவர் திறக்கவே மாட்டார். பிழை கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடும் என்பார். புத்தகம் ஊரெல்லாம் போனது. பாராட்டும் வந்தது. எட்டு மாதம் கழித்து, எங்கோ ஒரு மருந்துக்கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. 'என் பிரதியில் 97 முதல் 112 வரை பக்கங்கள் இல்லை. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.'

அன்றுதான் அவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். தானும் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டில் எதற்குப் பயந்தாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. கடிதத்தைத் தாள்கட்டுக்குள் செருகி, அதைச் சாக்கில் போட்டுக் கயிற்றால் கட்டி, அலமாரிக்கு மேலே பெட்டிகளின் பின்னால் ஒளித்தாள்.

இப்போது அவள் கூடத்தைக் கடக்கும்போது, வாசகர் வட்டத்துத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருடச் சிநேகிதர்.

"போன மாசம்கூட என்னைக் கேட்டான். 'ஒன்பதாவது அத்தியாயம் எப்படிடா இருந்துச்சு'ன்னு. 'அதுதான்டா உச்சம், அதுல நீ எங்கேயோ போயிட்ட'ன்னேன். சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு."

"என்னையும் கேட்டாரு அண்ணன். ரெண்டு தடவை படிச்சேன்னு சொன்னேன்," என்றான் கொழுந்தன்.

மகள் மூக்கை உறிஞ்சினாள். "நான் படிச்சுட்டு அழுதேன்னு அப்பாகிட்ட சொன்னேன்."

அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒன்பதாவது அத்தியாயம் தொடங்குவது 97ஆம் பக்கத்தில். முடிவது 112இல். அது இந்த உலகத்தில் எவர் கைக்கும் போகவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எல்லாம் வாய்கூசாத முகங்கள். திட்டிவிடலாம் போலிருந்தது. ஆனால் போன மாதம் காபி ஆற்றிக்கொண்டே அவளிடமும் அவர் அதையேதான் கேட்டார். "அதுவா? அது ரொம்ப நல்லா இருந்துச்சே," என்றிருந்தாள்.

"அப்படியா," என்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அறைக்குள் போய்த் தாழிட்டாள். குறைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து அனுப்ப முடியாது. வண்டி நாலு மணிக்கு. ஒரு பாரத்தைச் சேர்த்துத் தைக்கக் கால்மணி நேரம் போதும். நாற்காலி போட்டு ஏறிச் சாக்கை இறக்கினாள். கயிற்றில் இருந்தது அவள் போட்ட முடிச்சு இல்லை. அவள் எப்போதும் இழுத்தால் அவிழும்படிதான் போடுவாள். இது பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு. ஷூ கயிற்றுக்குக்கூட அவர் அப்படித்தான் போடுவார்.

அவருடைய மேசையிலிருந்து அவரது பிரதியை எடுத்தாள். புரட்டினாள். 96. அடுத்து 97.

நீல நூலில் தைத்திருந்தது. கோணல் மாணலாக, ஊசி இரண்டு இடத்தில் எழுத்தின் மேலேயே ஏறியிருந்தது. சட்டைப் பொத்தான் தைக்க வைத்திருந்த நூல் அது. உள்ளே மருந்துக்கடைக்காரரின் கடிதம். ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து, 'அனுப்பியாச்சு'. கீழே தேதி. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

இரண்டு வருடமாகத் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். சிநேகிதனை, தம்பியை, பெற்ற மகளை. கடைசியாக, தைத்தவளை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் பொய் சொல்லவிட்டு, சிரித்து வாங்கிக்கொண்டு, அதே டம்ளரில் காபி குடித்து, அதே கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். 'நீயுமாடி' என்று கேட்டிருக்கலாம். கேட்காமலே போய்விட்டாரே. இனி அவள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள். தனக்கென்று இரண்டு வரியாவது எழுதி வைத்திருப்பார் என்று நினைத்தாள். ஓரங்களைப் பார்த்தாள். எதுவும் இல்லை. அத்தியாயம் மட்டும் இருந்தது. குடிநீர்த் தொட்டிக் காவலாளி ஒருவன், தொட்டிக்குள் விழுந்த பூனையை மீட்க ஒரு முழுப் பகலும் பாடுபடுகிறான். பூனை அவன் நீட்டிய வாளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நீந்துகிறது.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கதவு தட்டப்பட்டது. "அம்மா, வண்டி வந்துடுச்சு. புத்தகம் கெடைச்சுதா?"

"ம்."

"என்னம்மா பண்றே உள்ளே? எல்லாரும் நிக்கிறாங்க."

வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். தலைவரின் குரல், "தங்கச்சிய அவசரப்படுத்தாதீங்கப்பா" என்றது.

அவள் விரலை நாக்கில் தொட்டு 109ஆம் பக்கத்துக்குப் புரட்டினாள். பூனை இன்னும் தண்ணீரில்தான் இருந்தது.

"இரும்மா," என்றாள். "இன்னும் நாலு பக்கம் இருக்கு."