இடுப்பு மட்டும் பாக்கி

எங்கள் தாம்பரம் குகை கிளப்பில் மொத்தமே நான்கு பேர்: சாம்பசிவன் சார், உமேஷ், மிருதுளா, நான். மேடவாக்கத்தில் சாம்பசிவன் சார் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில், நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் ஊர்ந்துதான் எங்களுக்குப் பயிற்சி. தண்ணி லாரிக்காரர் ஒருநாள் குனிந்து, "இன்னாக்கா, சாவி வுழுந்துடுச்சா?" என்றார். சிரித்துத் தொலைக்கட்டும்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. குகைக்குள் யார் 'திரும்பு' என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இந்த மே மாதம் கர்னூல் பக்கம் ஒரு குகைக்குப் போனோம். எனக்கு அதுதான் கடைசி. பேங்க்கில் என்னைக் குவஹாத்திக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் ரயில். அந்தக் குகையின் கோடியில் நாங்கள் முன்பே பார்த்துவைத்த ஒரு இடுக்கு, அதிலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வரும். காற்று வந்தால் அப்பால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். முழு உடம்போடு முதலில் உள்ளே போகிறவர்தான் அதற்குப் பேர் வைக்கலாம். அதற்காகவே ரெண்டு வருஷமாகப் பிரியாணியைத் தியாகம் செய்து இளைத்தேன்!

அன்று தலை போனது. ரெண்டு தோளும் போயின. தலைவிளக்கைத் திருப்பினேன். ஐயோ, என்ன இடம்! எங்கள் சர்ச் அளவுக்கு உயரம், சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று கல் திரைகள்.

"அக்கா, என்ன இருக்கு? சொல்லுங்கக்கா!" பின்னாலிருந்து மிருதுளா.

கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். என் தலைக்கு மேலே, நுழையும் இடத்தின் தாழ்ந்த கூரை முழுக்க வௌவால்கள். ஒவ்வொன்றின் மார்பிலும் முடி முளைக்காத குட்டி. வெளிச்சம் பட்டு ஒரு தாய் நெளிய, அதன் குட்டி வழுக்கி ஒற்றைக் காலில் தொங்கியது. சட்டென்று விளக்கை, வௌவால் கண்ணை உறுத்தாத சிவப்புக்கு மாற்றினேன். எல்லாம் மிரண்டு பறந்தால் குட்டிகள் விழும்; விழுந்தால் பிழைக்காது.

இடுப்பு மட்டும்தான் பாக்கி. ஒரு உந்து உந்தினால் போதும். பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யார் கேட்கப் போகிறார்கள்? ஆசை தொண்டைவரை வந்தது. குட்டி மறுகாலை வீசிவீசிப் பிடிக்கப் பார்த்தது.

"திரும்பு," என்றேன், மெல்ல.

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உமேஷ் என் கணுக்காலைப் பிடித்துப் பதமாகப் பின்னால் இழுத்தான்.

வெயிலுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "ஹால் இருக்குடா! அவ்ளோ பெரிய ஹால்! நுழையற இடம் பூரா வௌவால், குட்டியும் தாயுமா!" மிருதுளா குதித்தாள். உமேஷ் என்னைத் தூக்கியே விட்டான். சாம்பசிவன் சார்தான் யோசித்துச் சொன்னார்: "குட்டிங்க பறக்கறதுக்குள்ள மழை வந்துடும், குகைக்குள்ள தண்ணி ஏறிடும். இனி ஜனவரிதான். நீ குவஹாத்தி போயிட்டா, அந்த இடுக்குல மிருதுளாவாலதான் போக முடியும்."

வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனாலும் நீங்க சொல்ற பேரையே வெக்கறேன்க்கா. என்ன பேரு?"

"பேரு கெடக்கட்டும்டி," என்றேன். "நுழைஞ்சதும் மொதல்ல தரையைப் பாரு. அங்க சின்ன எலும்பு எதுவும் இல்லன்னு எனக்கு போன் பண்ணிச் சொல்லு."